ஒரே அச்சில் வார்த்த வெறுப்பு

கொழும்பிலே படித்தவர்கள் கூடுமிடங்களில் இப்பொழுது ஒரு புதிய ஞானம் பேசப்படுகின்றது. பல இனத்தாரும் பல மதத்தாரும் ஒரு நாட்டில் ஒன்றாக வாழ்வது நடவாத காரியம் என்பதும், மேல்நாடுகளே அதை முயன்று பார்த்துத் தோற்றுவிட்டன என்பதுமே அந்த ஞானம். இதைப் போதிப்பவர்கள் சான்றுகளையும் கையோடு வைத்திருக்கின்றனர். 2018 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து யூதத் தொழுகைக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். 2025 ஒக்டோபரில், யூதர்களின் புனித நோன்பு நாளன்று, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத் தொழுகைக் கூடம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டு டிசெம்பர் 14ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பொண்டாய் கடற்கரையில் விளக்குத் திருவிழாக் கொண்டாடிய யூத மக்கள்மீது தந்தையும் மகனுமாக இருவர் துப்பாக்கி கொண்டு சுட்டு 15 உயிர்களைப் பறித்தனர். "பார்த்தீர்களா? அவரவர் அவரவர் மூலையில் இருப்பதே மேல்" என்று அந்த ஞானிகள் முடிக்கின்றனர்.

நாம் கேட்கிறோம்: இது யாருடைய முடிவு? பிற்ஸ்பேர்க்கில் சுட்டவன், அகதிகளுக்கு உதவிய யூத நிறுவனம் ஒன்றைப் பழித்துவிட்டே துப்பாக்கியைத் தூக்கினான். கிறைஸ்ட்சேர்ச்சில் சுட்டவன், குடியேறி வந்தவர்கள் பெருகி வெள்ளையரை அகற்றிவிடுவர் என்று நீட்டி எழுதி வைத்துவிட்டே சுட்டான். பொண்டாயில் சுட்டவர்களோ, கடற்கரையில் நின்ற யூதர் அனைவரையும் எதிரிகளாக்கிக் கொண்டார்கள். கூடி வாழ முடியாது என்பது இக்கொலைகாரர்கள் எல்லோருக்கும் பொதுவான கொள்கை. அவர்கள் துப்பாக்கியாற் சொன்னதை நம் ஞானிகள் தேநீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு சொல்கின்றனர். சொல்லும் கருவி வேறு. சொல்லப்படும் பொருள் ஒன்றே.

பம்பலப்பிட்டியிலிருந்து எழுதும் நமக்கு இது பிறத்தியார் வீட்டுச் செய்தியன்று. இங்கே காலி வீதியிற் கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. சிறிது தூரத்தில் வஜிராராம விகாரை இருக்கின்றது. கத்தோலிக்கரின் தேவாலயமும், முஸ்லிம்களின் பள்ளிவாசலும், போராக்களின் தொழுகைத் தலமும் இருக்கின்றன. சிந்திகளும் மேமன்களும் பறங்கியரும் மலாயரும் வாழ்ந்த, வாழ்கின்ற பகுதி இது. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் ஊர்வலம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும்பொழுது, வீதியின் இரு மருங்கிலும் நின்று வேடிக்கை பார்ப்போர் ஒரே மதத்தாரல்லர். இதே வீதியிலேதான் 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடித் தீ மூட்டினார்கள். ஆகவே, மேல்நாட்டு நிகழ்ச்சிகளை அளக்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அவற்றை அளக்கும் கோல் நம் வீதியிலேயே கிடக்கின்றது.

அச்சின் இலக்கணம்

யூத வெறுப்பு என்பது யூதர்களைப் பற்றிய விடயம் மட்டுமன்று. அது ஓர் அச்சு. அந்த அச்சில் எந்தச் சிறுபான்மையினரையும் வார்த்தெடுக்கலாம். அதற்கு நான்கு பக்கங்கள் உண்டு. முதலாவது, இவன் அந்நியன்; எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் விருந்தாளியே. இரண்டாவது, இவன் வியாபாரி, வட்டிக்காரன், பதவி பிடிப்பவன். நம் வறுமைக்கு இவன் செல்வமே காரணம். மூன்றாவது, இவன் இரகசியமாகச் சதி செய்து நம் உடலையும் சந்ததியையும் அழிக்கப் பார்க்கிறான். நான்காவது, இவர்களுள் ஒருவன் செய்த குற்றம் இவர்கள் அனைவரும் செய்த குற்றம்.

ஐரோப்பியச் சரித்திரத்தில் இந்நான்கையும் காணலாம். 1348, 1349ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் பரவியபொழுது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற வதந்தி கிளம்பியது; 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். 1894இல் பிரெஞ்சுக் குடியரசு, டிரைபஸ் என்ற இராணுவ அதிகாரியைச் செய்யாத உளவுக் குற்றத்திற்காகத் தண்டித்தது. எழுத்தாளர் எமிலி சோலா 1898இற் பேனாவைத் தூக்கினார். ஆயினும் அந்தக் களங்கம் முற்றாகத் துடைக்கப்பட 1906 வரை ஆயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகிற்கு ஓதிய நாட்டிலே இது நடந்தது. ஜேர்மனியிலும் 1933இற்கு முன் இருந்தது தேர்தலும் பாராளுமன்றமும் உள்ள குடியரசே. வேலையின்மையும் பணவீக்கமும் மக்களை வாட்டியபொழுது, பெருமுதலாளிகளின் மேல் திரும்பியிருக்க வேண்டிய கோபத்தை அடுத்த தெருக் கடைக்காரனின் மேல் திருப்பிவிட்டனர். யூத வெறுப்பு முட்டாள்களின் சமதர்மம் என்றொரு வாசகம் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயே ஜேர்மானியத் தொழிலாளர் இயக்கத்தில் வழங்கிற்று. அந்த ஒரு வாசகத்துள் பெரும் பொருளாதார நூலொன்றின் சாரம் அடங்கியிருக்கின்றது.

அச்சு நம் கரைக்கு வந்தது

இலங்கையில் யூதர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க தொகையினர். ஆனால் யூதரில்லாத நாட்டிலும் அந்த அச்சு வேலை செய்யும் என்பதற்கு 1915 சான்று. முதலாம் உலக யுத்தத்தினால் விலைவாசி ஏறியிருந்த காலம். கம்பளையில் ஊர்வலமும் பள்ளிவாசலும் பற்றிய வழக்கொன்று வளர்ந்துகொண்டிருந்தது. மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகம் சில நாட்களில் மேல் மாகாணம் வரை பரவியது. அரசாங்கக் கணக்கின்படியே 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அநகாரிக தர்மபால குடியேற்றநாட்டு அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், முஸ்லிம்கள் அந்நியர் என்றும், ஷைலொக்கின் முறைகளைக் கையாண்டு யூதர்களைப்போலச் செல்வர்களாயினர் என்றும் விளக்கமளித்தார். இங்கே யூதனே இல்லை. ஆனால் யூதன் மேற் சுமத்திய பழி கப்பலேறி வந்து, நம் மண்ணின் சோனகனுக்குப் பொருத்தமாகத் தைக்கப்பட்டுவிட்டது.

சரித்திரம் இதனோடு இன்னொரு பாடத்தையும் சேர்த்தே தந்தது. அக்கலகத்தை அடக்குகிறோமென்று ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, சிங்கள மக்கள்மீது கொடுமைகளை அவிழ்த்துவிட்டது. ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அநீதிக்கு விசாரணை கோரி டி. பி. ஜயதிலகவும் ஈ. டபிள்யூ. பெரேராவும் லண்டனில் அலைந்தபொழுது, அவர்களுக்குத் துணைநின்ற ஆங்கிலேயருள் ஒருவர் லெனார்ட் வூல்ப். 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் சேவை செய்த அவர், பிறப்பால் யூதர். யூதனை வசைச் சொல்லாக்கிய அதே சம்பவத்தின் பின்னர், சிங்களத் தலைவர்களுக்காக நீதி கேட்டவர்களில் ஒரு யூதனும் இருந்தான்.

அச்சு முதலிற் கடைக்காரனுக்குப் பயன்பட்டது. பின்னர் தொழிலாளிக்கும் பயன்பட்டது. 1920களில் ஏ. ஈ. குணசிங்க கொழும்புத் தொழிலாளரை இனபேதமின்றித் திரட்டி, 1923 பொது வேலைநிறுத்தத்தையும் 1929 டிராம் வண்டி வேலைநிறுத்தத்தையும் நடத்திய வீரர். பொருளாதார மந்தம் வந்தது, வேலை சுருங்கியது, அதே குணசிங்க மலையாளத் தொழிலாளிக்கு எதிராக முழங்கத் தொடங்கினார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டபொழுது, தொழிலாளரிற் பெரும்பகுதியினர் மலையாளிகள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்கள் பக்கம் நின்றனர். குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். ஆலை முதலாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சிங்களத் தொழிலாளியும் மலையாளத் தொழிலாளியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரையிற் கூலியைப் பற்றி எவரும் கேளார். முட்டாள்களின் சமதர்மத்துக்கு நம் ஊரிலேயே, பம்பலப்பிட்டிக்கு அடுத்த வெள்ளவத்தையிலேயே, இப்படியோர் உதாரணம் உண்டு.

பிறகு நடந்தவை நம் வாசகர் அறிந்தவையே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. முதலாம் பக்கம், அந்நியன். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். அதன் பின் அமைச்சர் சிறில் மத்தியூ போன்றோர், தமிழ்ப் பரீட்சகர்கள் தம் இனத்து மாணவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்குகின்றனர் என்று பிரசாரம் செய்தனர். இரண்டாம் பக்கம், பதவி பிடிப்பவன். 1983 ஜூலையில் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு, வெள்ளவத்தைக் கணக்குப்பிள்ளையும் கொட்டாஞ்சேனைக் கடைச் சிப்பந்தியும் பம்பலப்பிட்டி ஆசிரியையும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நான்காம் பக்கம், ஒருவன் செயல் எல்லோர் குற்றம். அந்த ஜூலையில் நாமே இந்நாட்டின் யூதர்கள் ஆனோம். இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிற் பாயின்றிப் படுத்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இந்த வரிசையில் இடதுசாரி இயக்கத்தின் பங்கையும் மறைத்துப் பேசலாகாது. ஒரு மொழியெனில் இரு நாடு, இரு மொழியெனில் ஒரு நாடு என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரோடு நின்ற அதே மனிதர், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியாகி, சிங்களத்தை ஒரே அரச கரும மொழியாகவும் பௌத்தத்தை முதன்மைத் தானத்திலும் வைத்து, சிறுபான்மையினர்க்கு இருந்த 29ஆம் பிரிவின் மெல்லிய வேலியையும் அகற்றினார். அதற்கு முன், 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழி விதிகளை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து நடத்திய ஆர்ப்பாட்டத்தில் மசாலா வடைக் கோஷம் எழுந்தது. வாக்குக்காக அச்சைக் கடன் வாங்கியவர்கள் வாக்கையும் காப்பாற்றவில்லை, கொள்கையையும் காப்பாற்றவில்லை. 1977 தேர்தலில் அவர்கள் பாராளுமன்றத்திலிருந்தே துடைத்தெறியப்பட்டனர்.

வடுப்பட்டவன் கையில் அச்சு

இதுவரை படித்துவிட்டுத் தலையசைக்கும் தமிழ் வாசகர் பலர், இனி வரும் பந்தியில் தலையசைப்பை நிறுத்திவிடக் கூடும். ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லாத பேனா எதற்கு?

1990 ஒக்டோபரில் தமிழ்ச் சமூகத்தின் விடுதலையின் பேரால், வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 மக்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, ஒரு சில நூறு ரூபாயோடும் உடுத்த துணியோடும் அவர்கள் போயினர். பெரும்பாலோர் புத்தளத்து உப்பு மண்ணிற் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். தமிழ் பேசியவர்கள், தமிழிற் படித்தவர்கள், தமிழிற் கவிதை பாடியவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிழக்கிலே முஸ்லிம்கள் சிலர் ஆயுதப் படையோடு சேர்ந்து தமிழ்க் கிராமங்களைத் தாக்கியது மெய். ஆனால் வீரமுனையிலோ வேறெங்கோ எவனோ செய்த குற்றத்துக்கு, யாழ்ப்பாணச் சோனகத் தெருத் தையற்காரன் எப்படிப் பொறுப்பாவான்? நான்காம் பக்கம்! 1983இல் நம்மை எரித்த அதே நியாயத்தை எட்டு ஆண்டு கழியுமுன் நம் பெயரால் அயலவன் கதவில் ஒட்டினார்கள்.

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது கதைகளில் வரும் நம்பிக்கை. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. துன்பத்திலிருந்து பாடம் கற்பவனும் உண்டு. அடித்தவனின் கைத்தடியை ஒளித்து வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பவனும் உண்டு.

2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகம் ஒன்றில், சிங்களவர் உண்ணும் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினர். மாத்திரை என்று காட்டப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வு தெரிவித்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கின் நஞ்சிட்ட கிணறு, 669 ஆண்டுகளுக்குப் பின் அம்பாறையின் கறிச்சட்டியாய் மாறியது; மூன்றாம் பக்கத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பிலும், கொழும்பு விருந்தகங்களிலும் வெறியர் சிலர் வெடித்து 250க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். இறந்தவர்களுள் தமிழ்க் கத்தோலிக்கர் பலர். அந்தக் கொலைகாரர்களுக்கு நாம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. மதத்தின் பேரால் குழந்தைகளைக் கொன்றவர்கள் அவர்கள். ஆனால் அடுத்த மாதமே குருநாகலிலும் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் எரிந்தவை யாருடைய கடைகள்? குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் மகப்பேற்று வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று பத்திரிகை முதற்பக்கத்தில் அலறியதே! குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று விசாரணை அதிகாரிகள் நீதிமன்றத்திற் கூறியபொழுது, அந்தச் செய்தியை எத்தனை பேர் முதற்பக்கத்திற் போட்டார்கள்?

2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அவர்கள் மதத்துக்கு மாறாகப் பலவந்தமாக எரிக்கப்பட்டன. இருபது நாட் குழந்தையும் எரிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை நம் ஆட்சியாளர் செவிசாய்க்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடம் கேட்ட மன்னிப்பு! அவ்வாறே, அஹ்னாப் ஜஸீம் என்ற இளங்கவிஞர், தமிழாசிரியர், 'நவரசம்' என்ற கவிதை நூலை எழுதியதற்காக 2020 மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, ஒன்றரை ஆண்டு சிறையில் வாடி, 2023இற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். 1979இல் தமிழ் இளைஞரைப் பிடிக்கவென்று இயற்றிய சட்டம் அது. தமிழில் எழுதிய ஒரு கவிஞனுக்காக நம் தமிழ்ச் சங்கங்களில் எத்தனை கண்டனத் தீர்மானங்கள் நிறைவேறின?

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் விடுதிகளில் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. மனுச் செய்த நிறுவனத்தார் தமிழர் மட்டுமல்லர். சிங்களவரும் பிறரும் சேர்ந்து நின்றனர். அன்று நமக்காகப் பிறர் பேசினர் என்பது நினைவிருந்தால், 2019க்குப் பின் நாம் வாய் மூடியிருந்ததற்கு நியாயம் தேட மாட்டோம். "அவர்களுக்கும் வேண்டும்" என்று காலி வீதித் தேநீர்க் கடைகளில் முணுமுணுத்தவர்கள், தம் வீட்டின் பழைய தீயை அயலான் கூரையில் ஏற்றி வைத்துக் குளிர் காய்ந்தவர்கள்.

கிபீரும் யூதனும்

இனி யூதர் விடயத்துக்கே திரும்புவோம். இங்கே இடதுசாரி மாணவர் சிலரிடமும் தெளிவின்மை காணப்படுகின்றது. 1984இல் இஸ்ரேலின் நலன்பேணும் பிரிவு கொழும்பில் திறக்கப்பட்டதையும், இஸ்ரேலியப் பயிற்றுநர் நம் படையினர்க்குப் பயிற்சியளித்ததையும் நாம் மறக்கவில்லை. 1996 முதல் வன்னியின் வானத்தில் இரைந்த கிபீர் விமானம் எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்பதைப் பதுங்குகுழியில் வளர்ந்த ஒவ்வொரு குழந்தையும் அறியும். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதும் கொடுமை. அதன்பின் காசாவில் இஸ்ரேல் அரசு பல்லாயிரம் மக்களை, குழந்தைகளைக் கொன்று குவித்ததும் பெருங்கொடுமை. பலஸ்தீன மக்களின் உரிமைக்குக் குரல் கொடுப்பது முற்போக்காளரின் கடன். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஓர் அரசின் செயலுக்காக ஒரு மக்களை வெறுப்பது எந்த முற்போக்கு? இஸ்ரேலிய அரசின் குற்றத்துக்கு மான்செஸ்டரில் நோன்பிருந்த முதியவன் பதில் சொல்ல வேண்டுமென்றால், 1983இற் பம்பலப்பிட்டி ஆசிரியை பதில் சொல்ல வேண்டியதும் நியாயமாகிவிடும். அறுகம்பையிலே இஸ்ரேலிய உல்லாசப் பிரயாணிகளுக்கு ஆபத்து என்ற தகவலின் பேரில் 2024 ஒக்டோபரிற் பொலிஸ் காவல் போடப்பட்டது. அங்கே அந்நியர் அனுமதியின்றிக் கடை நடத்துகிறார்களா, உள்ளூர்ப் பிழைப்பைக் கெடுக்கிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி; சட்டத்தின் முன் வைக்க வேண்டிய கேள்வி. ஆனால் 'யூதன்' என்ற சொல்லையே வசையாக்கிப் பேசத் தொடங்கினால், அது முஸ்லிமுக்கு எதிராக 1915இல் எழுதப்பட்ட கடிதத்தையே முஸ்லிம் கையால் நகலெடுப்பதாகும்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்றுண்டு. நம் புத்தகக் கடைகளில் ஹிட்லரின் நூல் தமிழிற் கிடைக்கின்றது. அதை வாங்கிப் படித்து, "என்ன கட்டுப்பாடு, என்ன தேசபக்தி" என்று மெய்சிலிர்க்கும் இளைஞர் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். பலஸ்தீனத்தின் மேற் கொண்ட அன்பு அறுபது இலட்சம் யூதரைக் கொன்றவன்மேற் பக்தியாக மாறுவது எந்தத் தர்க்கம்? ஹிட்லரின் இன அட்டவணையிற் கறுத்த தோலுக்கு எந்த இடம் என்பதையாவது இவர்கள் அந்நூலிலேயே தேடிப் பார்க்கட்டும்.

புலம்பெயர்ந்த தமிழருக்கும் ஒரு வார்த்தை. 1938 ஜூலையில் எவியன் நகரில் 32 நாடுகள் கூடி, யூத அகதிகளுக்காகக் கண்ணீர் வடித்துவிட்டுக் கதவைச் சாத்தின. 1939இல் 'சென் லூயிஸ்' என்ற கப்பலில் 900க்கு மேற்பட்ட யூதர் கியூபா, அமெரிக்கா, கனடா எங்கும் கரையேற இடமின்றி ஐரோப்பாவுக்கே திருப்பப்பட்டனர். அவர்களுள் 250க்கு மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். அந்த வெட்கத்திலிருந்தும் யுத்தத்தின் அழிவிலிருந்தும் பிறந்ததே 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. 2010 ஓகஸ்டில் 492 தமிழர் 'சன் சீ' கப்பலிற் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபொழுது, திருப்பி அனுப்பு என்று அங்கே கூச்சல் எழுந்தது; அவர்கள் சிறைவைக்கப்பட்டார்கள்; ஆயினும் கப்பல் திருப்பப்படவில்லை. இடையில் நின்றது அந்த உடன்படிக்கையும் அது வழிவந்த சட்டமுமே. யூதரின் சாம்பலில் முளைத்த மரத்தின் நிழலில் நின்றுகொண்டு, யூதனையோ முஸ்லிமையோ புதிதாக வரும் அகதியையோ தூற்றும் தமிழன், தான் இருக்கும் கிளையைத் தானே அரிகிறான். ஸ்காபரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் 'குடியேறியவரை நிறுத்து' என்று கத்துபவன், நம்மை அதிலிருந்து விலக்கிவைப்பான் என்று நம்புவது பேதைமை.

எது நல்லிணக்கம்?

அவ்வாறாயின் நல்லிணக்கம் எது? நான்கு மதகுருமாரை வரிசையில் நிறுத்திக் குத்துவிளக்கேற்றிப் படம் பிடிப்பதா? வட்டிலப்பமும் பொங்கலும் மாற்றி மாற்றி உண்பதா? இவற்றில் தீங்கில்லை. ஆனால் வட்டிலப்பம் தின்ற வாயே 2019இல் மலட்டு மாத்திரைக் கதை பேசியது என்பதை மறந்துவிடலாகாது. மேல்நாட்டு அரசாங்கங்களும் 'சமூக ஒற்றுமை' என்று பேசுகின்றன. ஒரு கொலை நடந்தவுடன் யூதருக்குக் காவலும், முஸ்லிமுக்குச் சந்தேகமும், வேலையற்ற வெள்ளையனுக்கு வெறும் உபதேசமும் வழங்கிவிட்டு, வீடும் கூலியும் பள்ளிக்கூடமும் பற்றிப் பேசாதிருப்பது ஒற்றுமையாகாது. அது காவற் கூண்டுகளின் வரிசை.

நல்லிணக்கத்துக்கு முதல் நிபந்தனை சமமான சட்டம். 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார் என்பதற்காகத் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அந்த உத்தரவு செல்லாதென்று தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ். அவரும் யூதரே. ஏகாதிபத்தியத்தின் நீதிபதியாயிருந்தும், ஆட்சியாளனின் விருப்பம் சட்டமாகாது என்று நிறுவினார். அந்தத் தீர்ப்பின் பயனை அனுபவித்தது இலங்கை இடதுசாரி இயக்கம்.

இரண்டாவது நிபந்தனை, பொதுவான போராட்டம். 1936 ஒக்டோபர் 4ஆம் திகதி, லண்டனின் கேபிள் வீதியில் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை யூதர் வாழும் பகுதிக்குள் அணிவகுத்து வர முயன்றது. அதை மறித்தவர்கள் யூதர் மட்டுமல்லர்; ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர், கம்யூனிஸ்டுகள், அயலவர்கள் தடைகளை எழுப்பி நின்றனர். அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது சகிப்புத்தன்மை பற்றிய பிரசங்கமன்று. கூலிக்கு நடத்திய பொதுப் போராட்டங்கள். பொண்டாயிலும், வெறுங்கையோடு பாய்ந்து கொலைகாரன் ஒருவனின் துப்பாக்கியைப் பறித்தவர் சிரியாவிற் பிறந்து குடியேறிய ஒரு முஸ்லிம் பழக்கடைக்காரர். பல இனங்கள் கூடி வாழ முடியாது என்போர் அந்த மனிதரை எந்தக் கணக்கிற் சேர்ப்பர்?

மூன்றாவது நிபந்தனை பள்ளிக்கூடம். ஆசிரியர்களே, இது உங்களுக்கு. பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும், முஸ்லிம் மகளிர் கல்லூரியும், விசாகா வித்தியாலயமும், புனித பேதுருவானவர் கல்லூரியும், திருக்குடும்பக் கன்னியர் மடமும் ஒரு மைல் தூரத்துக்குள் இருக்கின்றன. பெருமைக்குரிய கல்விச்சாலைகள், குறை அவற்றினுடையதன்று, நம் கல்வி முறையினுடையது. மொழியாலும் மதத்தாலும் பிரித்து, ஐந்து வயதில் உள்ளே அனுப்பிய பிள்ளையைப் பத்தொன்பது வயதில் வெளியே எடுத்து, "இனி எல்லோரோடும் இணங்கி வாழ்" என்கிறோம். அதுவரை அந்தப் பிள்ளை மற்றவனைப் பேருந்தின் யன்னல் வழியாகவே பார்த்திருக்கின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அச்சுக்காரன் வருகின்றான்.

ஆகவே, 1915, 1983, 1990, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளையும் ஒரே பாடமாக, ஒரே மூச்சில் கற்பியுங்கள். 1983ஐ மட்டும் கற்பிக்கும் தமிழாசிரியர் மாணவனுக்கு வடுவைக் காட்டுகிறார். 1990ஐயும் சேர்த்துக் கற்பிப்பவரே கண்ணைத் திறக்கிறார். மாணவர்களே, உங்கள் நண்பன் ஒருவன் 'அவங்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று வாயெடுக்கும் கணத்திலேயே 'எந்த எல்லாரும்?' என்று கேளுங்கள். அது மிகச் சிறிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை 1894இற் பாரிசிலும், 1933இற் பெர்லினிலும், 1983இற் கொழும்பிலும், 1990இல் யாழ்ப்பாணத்திலும் கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் தொகையைப் பெருக்குவதே முற்போக்கு இலக்கியத்தின் வேலை, முற்போக்கு இயக்கத்தின் வேலை.

கூடி வாழ்தல் மேற்கே தோற்றுவிட்டது என்பவர்க்கு நம் விடை இதுவே: தோற்றது கூடி வாழ்தலன்று. சமமின்றிக் கூட்டிவைத்ததே தோற்றது; பசியின் கோபத்தை அயலான் மேல் திருப்பிவிட்ட அரசியலே தோற்றது. சமமாய்க் கூடி வாழ்வதை எந்த நாடும் இன்னும் முழுமையாக முயன்று பார்க்கவில்லை. அதை முயல்வதற்குக் காலி வீதியைவிடப் பொருத்தமான வீதி வேறெங்கே இருக்கின்றது?